புரட்டாசி வெயிலும் தளம் போடும் வேலையும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, நான் மதுரைக்கு அருகே வீடு கட்டும் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்கிறேன். கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆட்கள் எனப் பதினான்கு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். கத்திரி வெயில் நாட்களில் மட்டும் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்திவிட்டு, மாலை மூன்றரைக்கு மேல் மீண்டும் வேலை பார்ப்போம். ஜூன் பிறந்துவிட்டால் வழக்கம்போல ஒன்பது முதல் ஆறு வரை. சென்ற மாதம், புரட்டாசி முதல் வாரத்தில், தளம் போட்டுக்கொண்டிருந்தபோது 34 வயதுள்ள ஆள் ஒருவர் பிற்பகல் இரண்டரை மணிக்கு உளற ஆரம்பித்தார். பிறகு சரிந்து விழுந்தார். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்து, பதினாறு நாள் கழித்து வந்தவர். வந்து இரண்டாவது நாள். உடம்பெல்லாம் வியர்வை ஓடிக்கொண்டிருந்ததால் வெயில் தாக்கியதாக இருக்காது, பித்த மயக்கம் என்று நினைத்துச் சோடா கொடுத்துப் பார்த்தோம், குடிக்க முடியவில்லை. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பிழைத்துக்கொண்டார்; ஆனால் ஐந்து நாள் படுக்கையில் இருந்தார், சிறுநீரகம் அடிபட்டதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். செப்டம்பரில் இப்படி நடக்குமா? அன்று வெப்ப அலை எச்சரிக்கை எதுவும் இல்லையே? இனி எந்த மாதம் வரை வேலை நேரத்தை மாற்றி வைப்பது? உப்பு மாத்திரை வாங்கி வைக்கலாமா? அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு வருவதற்கு முன்பு, கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: "வந்து இரண்டாவது நாள்." அன்று வெயில் எத்தனை டிகிரி அடித்தது என்பதைவிட, அந்த மனிதர் பதினாறு நாள் கல்யாண வீட்டில் இருந்துவிட்டு வந்து, மறுநாளே தளம் போடும் வேலையில் காலை முதல் பிற்பகல் வரை நின்றார் என்பதே தொழில்நல மருத்துவரான எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

கடும் வெயிலில் தொடர்ந்து உழைக்கும் உடல் 7 முதல் 14 நாட்களுக்குள் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அளவும் கூடும். அதில் வெளியேறும் உப்பு குறையும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். அதே சுமையைத் தூக்க இதயம் முன்பைவிட மெதுவாகத் துடித்தாலே போதும் என்றாகும். வெயிலிலிருந்தும் கடின உழைப்பிலிருந்தும் ஒரு வாரத்துக்கு மேல் விலகியிருந்தால் இந்தப் பழக்கம் பெருமளவு போய்விடும். பந்தல் நிழலில் பரிமாறிக்கொண்டிருந்தவருக்கு, அதே ஊர், அதே வெயில் என்றாலும் அது போய்விடும். பத்து வருடம் கம்பியும் பலகையும் பிடித்த கை எதையும் மறப்பதில்லை. வியர்வைச் சுரப்பி பதினாறு நாளில் மறந்துவிடுகிறது. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை தரும் கணக்கு இதையே சொல்கிறது: வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் ஏறக்குறையப் பாதி, அந்த ஆள் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே நேர்கின்றன, முதல் வாரத்துக்குள் நேர்பவை 70 சதவீதத்துக்கு மேல்.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் நானே ஒருமுறை கோட்டைவிட்டிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஃபவுண்டரியில் மருத்துவராக இருந்தேன். தீபாவளி விடுமுறை முடிந்து உலை மூட்டிய முதல் நாள், வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. உலைக்கு முன்னால் நிற்கும் ஆள் ஒருவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் சிரித்தார். தோலைத் தொட்டேன், நனைந்திருந்தது. அக்குளில் வைத்த வெப்பமானி 38 காட்டியது. பண்டிகைக் களைப்பு, தூக்கமில்லை என்று முடிவுகட்டிச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். என்னோடு இருந்த மூத்த செவிலியர் ஒன்றும் பேசாமல் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து, 40.8 என்றார். மழை நாள் என்பதாலும் வியர்வை இருந்ததாலும் நான் சந்தேகப்படவே இல்லை. உங்கள் ஆட்கள் சோடா கொடுத்ததை ஒரு குற்றமாக நான் எழுதப் போவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே பல நாள் வெந்து நோய்ப்படும்போதுதான் பெரும்பாலும் தோல் வறண்டு கொதிக்கும். உழைப்பின் நடுவே விழுகிறவருக்கு வியர்வை ஓடிக்கொண்டே இருக்கலாம். "வியர்வை நின்றால்தான் வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்)" என்ற நம்பிக்கை, நான் பார்த்தவரை, வெயிலைவிட அதிகம் பேரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது. பார்க்க வேண்டியது தோலை அல்ல, புத்தியை. பேச்சு குழறுகிறதா, கேட்டதற்குத் தாறுமாறாகப் பதில் வருகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, தள்ளாடுகிறாரா? வெயிலில் வேலை பார்த்தவரிடம் இதில் ஒன்று தெரிந்தாலும், வேறு நோய் என்று மருத்துவர் சொல்லும் வரை அது வெப்பவாதம்தான்.

இனி, செப்டம்பரில் இப்படி நடக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். நாம் மண்ணுருகப் பெய்வதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முன் பொன்னுருகக் காயும் என்பதை மறந்துவிட்டோம்.

கத்திரி என்பது சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தைக் கடக்கும் காலம்; மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. அதற்கு வெளியே வெயிலுக்கு வேலையில்லை என்று வானத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வருடத்தில் இருமுறை வருகிறது: ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுமுறை. ஆவணியில் ஒரு நாள் நண்பகலில் உங்கள் கட்டடத்தில் நட்டிருக்கும் முட்டுக் கம்புக்கு நிழலே விழாது. இன்னும் ஒரு கணக்குச் சொல்கிறேன். மே 15 அன்று நண்பகல் சூரியன் மதுரையின் உச்சியிலிருந்து வடக்கே சுமார் 9 டிகிரி சாய்ந்து நிற்கிறது. செப்டம்பர் 20 அன்று தெற்கே சுமார் 9 டிகிரி. அதாவது, உங்கள் ஆள் விழுந்த வாரத்துச் சூரியனும் நடுக் கத்திரிச் சூரியனும் ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மேகமும் ஈர மண்ணும் தருவது. மேகம் வராமல் போனால் அந்த வேறுபாடும் போய்விடும்.

மேகம் ஏன் வராமல் போகிறது? தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கொட்டிவிட்டு, மலையிலிருந்து இறங்கும்போது சூடாகி, வறண்டு, தேனிக்கும் மதுரைக்கும் வருகிறது. வங்கக் கடலின் வடக்கே ஒடிசாக் கரையோரம் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் இந்த மேலைக்காற்று இன்னும் வலுக்கும். மாலையில் இடி இடித்துப் பெய்ய வேண்டிய மழையும் நமக்கு எட்டாமல் போகும். வடக்கே வெள்ளம் என்று தொலைக்காட்சியில் பார்க்கும் அதே வாரத்தில் மதுரையில் வெயில் கொளுத்துவது இதனால்தான். வானிலை என் துறை அல்ல என்றாலும், அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் நம் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்களை நினைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இவை எல்லாம் முன்பும் இருந்தவை. மாறியிருப்பது இவற்றுக்கு அடியில் உள்ள அடித்தளம். 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. அந்த ஆண்டின் அக்டோபரும் அதே பதிவுகளில் மிக வெப்பமான அக்டோபர். அந்த அக்டோபரில் நாட்டின் சராசரி வெப்பநிலை 26.92 டிகிரி, வழக்கத்தைவிட ஏறத்தாழ 1.2 டிகிரி கூடுதல். அதற்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்டு, 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்டு. உலக அளவிலும், 2023 செப்டம்பர் தனக்கு முந்தைய எல்லாச் செப்டம்பர்களையும் பெரிய இடைவெளியில் விஞ்சியது. 1991 முதல் 2020 வரையிலான சராசரிக்கு மேல் 0.93 டிகிரி. உங்கள் தளத்தில் அன்று அடித்த வெயிலை அப்படியே உலக வெப்பமயமாதலின் கணக்கில் எழுதிவிட நான் துணிய மாட்டேன். ஆனால், பருவத்தின் கடைசியில் வரும் இத்தகைய நாட்களை விதிவிலக்கு என்று தள்ளிவிட்டு வேலை நேரம் வகுக்கும் காலம் முடிந்துவிட்டது என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

அன்று எச்சரிக்கை இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். பொதுவாக அப்போதுதான் அது கணக்கில் வெப்ப அலை. வழக்கமாகச் செப்டம்பர் பகல் 35, 36 டிகிரி இருக்கும் மதுரையில் 38 அல்லது 39 அடித்தால் அந்த அளவுகோலில் அது வெப்ப அலையே ஆகாது. அளவுகோலில் தவறில்லை, ஒரு மாவட்டத்து மக்கள் அனைவருக்குமாக வகுத்தது அது. மொட்டை மாடியில் ஜல்லிக் கலவை சுமக்கும் ஒருவருக்காக வகுத்தது அல்ல. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல செயல்தான். ஆனாலும் அறிவிப்பு வரவில்லை என்பதை நீங்கள் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெப்பமானி காட்டும் எண் ஏன் போதாது என்பதை உங்கள் கட்டடத்திலேயே பார்த்துவிடலாம். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி இரண்டு வாங்குங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீரில் தோய்ந்திருக்கும்படி செய்யுங்கள். இரண்டையும் காற்று வரும் நிழலில் அருகருகே மாட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஈரத் துணி சுற்றியது குறைவாகக் காட்டும். தண்ணீர் ஆவியாகிக் குளிர வைக்கிறது. வியர்வை உங்கள் ஆட்களின் தோலில் செய்வதும் இதே வேலை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் எடுத்துச் செல்லாது. சித்திரையில் 42 டிகிரி அடிக்கும் நாளில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஈரத் துணி சுற்றிய வெப்பமானி சுமார் 24 காட்டும். புரட்டாசியில் 38 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 45 சதவீதம் என்றால், அது சுமார் 28 காட்டும். காய்ந்த வெப்பமானிக்கு 4 டிகிரி இறக்கம். ஈரத் துணிக்கு 4 டிகிரி ஏற்றம். "அவ்வளவு வெயில் இல்லை, ஆனால் புழுக்கம் தாங்கவில்லை" என்று உங்கள் சித்தாள்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னதை இந்த இரண்டாவது வெப்பமானி எண்ணாகக் காட்டும்.

அதற்காகச் சித்திரை வெயில் லேசு என்று ஆகிவிடாது. வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து அளக்கும் குறியீடு ஒன்று உண்டு. உலகத் தர நிர்ணய அமைப்பு அதில் கடினமான உழைப்புக்கு வைத்திருக்கும் எல்லை, வெப்பத்துக்குப் பழகியவருக்கு 26 டிகிரி, பழகாதவருக்கு 23 டிகிரி. நம் ஊர் நண்பகலில், வெட்டவெளியில், வருடத்தின் பெரும்பகுதி இந்த எல்லை தாண்டியே இருக்கும். அந்தக் கணக்கைக் கறாராகப் பிடித்தால் யாரும் எதுவும் கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 3 டிகிரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய் வந்தவருக்கும் தொடர்ந்து வந்தவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தால், முன்னவர் 3 டிகிரி கூடுதல் வெயிலில் நிற்பதற்குச் சமம்.

எந்த மாதம் வரை நேரத்தை மாற்றுவது என்ற கேள்விக்கு, எந்த மாதத்தையும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதே என் பதில். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் கத்தாரில், ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. அதோடு, 2021இல் கொண்டுவந்த விதியின்படி, நான் மேலே சொன்ன குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த மாதமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். தேதியை மட்டும் நம்பினால் போதாது என்று அவர்களும் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் விதி எளியது. இது சட்டம் அல்ல, அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட கைக்கணக்கு. மார்ச் முதல் மழை பிடிக்கும் வரை, மேகமில்லாத ஒவ்வொரு நாளும் காலை பத்தரை மணிக்கு அந்த இரண்டு வெப்பமானிகளையும் பாருங்கள். காய்ந்தது 37ஐத் தொட்டாலோ, ஈரத் துணி சுற்றியது 27ஐத் தொட்டாலோ, அன்றைக்குக் கத்திரி நேரம்தான். இரண்டையும் எட்டாத நாட்களில் வழக்கமான நேரத்தை வைத்துக்கொள்ளலாம்; ஆனாலும் பன்னிரண்டு முதல் மூன்று வரை சுமக்கும் வேலையைத் தவிர்த்து, நிழலில் கம்பி வளைப்பது, உள்ளே பூசுவது போன்றவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

தளம் போடத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாதே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அங்கே இணைப்பு விட்டுப்போய் நாளைக்கு நீர் ஒழுகும். ஆனால், கடும் வெயில் கான்கிரீட்டுக்கும் ஆகாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கலவை சீக்கிரம் இறுகுகிறது, ஆட்கள் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள், மேல்பரப்பு வெடிக்கிறது. எனவே தளம் போடும் நாளை மட்டும் அதிகாலை நான்கரைக்கு விளக்குப் போட்டுத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிக்கும்படி ஆள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பெரிய தளமாக இருந்தால் மாலை நான்கரைக்கு மேல் தொடங்குங்கள். வீட்டுக்காரருக்குக் கான்கிரீட்டின் காரணத்தைச் சொல்லுங்கள். மனிதர்களின் காரணத்தைச் சொல்வதைவிட அது சீக்கிரம் எடுபடும் என்பது என் வருத்தமான அனுபவம்.

ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது இது: பழைய ஆள் திரும்பி வந்தால், வெயிலில் அவருடைய வேலை முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80 சதவீதம், நான்காம் நாள் முழுவதும். புதிதாகச் சேர்ந்தவர் என்றால் முதல் நாள் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. மீதி நேரத்துக்குக் கூலியைக் குறைத்தால் யாரும் இதற்கு ஒப்ப மாட்டார்கள். முழுக் கூலி கொடுத்து நிழலில் வேலை கொடுங்கள். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, தேர்தல் என்று மொத்தமாக ஆட்கள் ஊருக்குப் போய்வரும் நாட்களை அடுத்து வரும் வாரம்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய வாரம்.

உப்பு மாத்திரை வேண்டாம். அது வயிற்றைப் புரட்டும், வாந்தி எடுக்க வைக்கும். இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குக் கெடுதல். காலையில் நீராகாரமோ கஞ்சியோ குடித்து, மதியம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு உணவிலிருந்தே பெரும்பாலும் உப்பு கிடைத்துவிடும். உப்புப் போட்ட மோர் ஒரு பானை இருந்தால் இன்னும் நல்லது. வியர்த்துக் கொட்டும் நீண்ட நாட்களில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து போடலாம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டு அளவை வகுத்துக்கொள்ள வேண்டும். இரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் யார், மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர் யார், முதல் நாள் இரவு குடித்துவிட்டு வந்தவர் யார் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இவர்களுக்கு வெயில் மற்றவர்களைவிட முன்னதாகவே பிடிக்கும்.

உங்கள் சித்தாள்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லுக்கு மேல் இல்லை. பெண்கள் கட்டட வேலையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு மறதி காரணமல்ல. ஒதுங்க இடமில்லாததுதான் காரணம். கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பிடம் ஒன்றை, தகரத்தில் அடித்ததாக இருந்தாலும், அஸ்திவாரம் தோண்டும் அன்றே வைத்துவிடுங்கள். மோர்ப் பானையைவிட அது அதிகம் உதவும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு முதலிய இழப்புகளின் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. கருவுற்றிருப்பதாகச் சொல்லும் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிடுவதே நம் பக்கத்து வழக்கம். அதனால்தான் அவர்கள் சொல்வதே இல்லை. அனுப்ப மாட்டீர்கள் என்று முதலிலேயே தெரியப்படுத்திவிட்டு, அவர்களுக்கு நிழல் வேலையாகக் கொடுங்கள்.

அடுத்தமுறை ஒருவர் உளறத் தொடங்கினால் ஆட்டோவைத் தேடி ஓடாதீர்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். அதே நேரத்தில் மற்றவர்கள் அவரைக் குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும். முக்கால் மணி நேரப் பயணத்தில் வெந்துகொண்டே போவதைவிட, அங்கேயே முதல் பத்து நிமிடத்தில் குளிர்விப்பது மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும். நல்லவேளையாகக் கட்டடம் கட்டும் இடத்தில் இதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. சிமென்ட் மூட்டையை மூடும் தார்ப்பாயை நிழலில் விரித்து, அவரைப் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றிவிட்டு, நான்கு பேர் நான்கு முனையையும் தொட்டில்போலத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்; நீராற்றுவதற்கு வைத்திருக்கும் பேரலிலிருந்து தண்ணீரை அதில் ஊற்றுங்கள். தண்ணீர் கழுத்துக்குக் கீழே உடலை மூடி நிற்க வேண்டும், தலை வெளியே இருக்க வேண்டும், ஒருவர் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கடையில் ஐஸ் கிடைத்தால் உடைத்துப் போட்டு நீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். வெயிலில் கிடந்த பேரல் நீர் முதலில் சுடும். அதனால் பேரலை எப்போதும் நிழலில் வையுங்கள். தார்ப்பாய் இல்லையென்றால் குழாயை அவர்மேல் திருப்பிவிட்டு விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் சோடாவும் கூடாது, தண்ணீரும் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது, கல்லீரலுக்குக் கூடுதல் சுமைதான். ஆம்புலன்ஸ் வந்து எடுத்துக்கொள்ளும் வரையிலோ, அவர் தெளிந்து நடுங்கத் தொடங்கும் வரையிலோ குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம்; தெளிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, கடிதத்தில் இல்லாதது. உங்கள் ஆட்களில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் அவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். தகரக் கொட்டகைக்குள், மின்விசிறி இல்லாமல், விடியும் வரை வியர்த்துக்கொண்டு கிடந்தவர் காலையில் பாதிக் களைப்போடுதான் வேலைக்கு வருகிறார். தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்ந்து, எதிரெதிராக இரண்டு ஜன்னல் விடுவது ஒரு நாள் வேலை.

உங்கள் ஆள் திரும்பி வருவது பற்றி. மருத்துவமனையிலிருந்து வந்து ஒரு வாரமாவது அவர் எந்த உடலுழைப்பும் செய்யக் கூடாது. அதன் பிறகு கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள், தசை சிதைந்ததைக் காட்டும் சி.பி.கே. ஆகிய மூன்றையும் சோதித்து, மூன்றும் இயல்புக்குத் திரும்பியிருந்தால், மருத்துவரின் ஒப்புதலோடு நிழலில் இலேசான வேலையிலிருந்து தொடங்கலாம். மேலே சொன்ன நான்கு நாள் கணக்கு இவருக்குப் பொருந்தாது. இரண்டு முதல் நான்கு வாரம் எடுத்துக்கொண்டு மெல்லக் கூட்ட வேண்டும். ஒருமுறை வெப்பவாதம் வந்தவர் சில மாதங்களுக்கு வெயிலை முன்போலத் தாங்க மாட்டார். வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரும் பழக்கம் அவருக்கு இருந்தால் அதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அடிபட்ட சிறுநீரகத்துக்கு அது மிகவும் கெடுதல். கிரியேட்டினின் மூன்று மாதத்துக்குப் பிறகும் இறங்காவிட்டால் சிறுநீரக மருத்துவரிடம் காட்ட வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சென்ட்ரிங் மேலே ஏறுவது, தளத்தில் சுமப்பது ஆகியவற்றை மழை பிடித்து வெக்கை தணிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அவரிடம் அந்த இரண்டு வெப்பமானிகளையும் கொடுத்து, பத்தரை மணிக்குப் பார்த்துச் சுவரில் எழுதி வைக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழில்நல மருத்துவர்